மூன்றாவது உயிர்

ஜனவரி 12

தங்கைக்கு,

வெளிநாட்டிலிருந்து நீ அனுப்பிய பொட்டலம் சனிக்கிழமை வந்தது. அனுப்புநர் பெயரைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். தபால்காரர் மூன்று மாடி படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்காகக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பதினோரு வருடம் பேச்சு இல்லை. அதற்குப் பிறகு நீ அனுப்புவது ஒரு வீடியோ கேம் கருவி, விளையாட்டுச் சாமான். கூடவே நான்கு வரி: "அண்ணா, நம்ம விளக்குக் குண்டன் இதுக்குள்ள இருக்கான். உனக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு வாங்கினேன். ஒரு மாடி நீ ஏறி, சேமிச்சு, மெமரி அட்டைய மட்டும் கழட்டி எனக்கு அனுப்பு. அடுத்த மாடி நான்." நலமா என்றுகூட ஒரு சொல் இல்லை. கையெழுத்து அதைவிட மோசம். பல்செட் செய்கிறவளுக்குக் கை நேராக நிற்க வேண்டாமா? கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. என் முதலாண்டு மாணவன் இப்படி எழுதிக் கொடுத்தால் முகத்தில் எறிவேன்.

நான் எதையும் மறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா போனதை எனக்கு மறுநாள் சாயங்காலம் சொன்னாய். எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்ட பிறகு. அது ஒன்று. எனக்குப் பதினாலு வயதில், நான் பத்தாவது மாடி வரை ஏறிச் சேமித்து வைத்திருந்ததன் மேல் நீ புது ஆட்டம் ஆரம்பித்து முதல் மாடியைச் சேமித்தாய். அது இன்னொன்று. இரண்டும் ஒன்றா என்று கேட்பாய். இரண்டிலும் நீ கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தெரியும்.

கருவியைத் திறந்து பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். திரை கண்ணைக் கூசுகிறது. பழைய கருவியின் பாசிநிறத் திரைக்கு வெளிச்சம் வேண்டி ஜன்னலோரம் இடம் பிடிக்க அடித்துக்கொள்வோமே, அது எவ்வளவோ தேவலை. குண்டன் மட்டும் அப்படியே இருக்கிறான். அதே தொப்பை, அதே விளக்கு, படியில் கால் வைக்கும்போது அதே 'டிங்'.

முதல் மாடி ஏறியிருக்கிறேன். அட்டை உறைக்குள் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான். தொலைத்துவிடாதே.

அண்ணன்

ஜனவரி 30

அன்புள்ள வாத்தியார் அண்ணாவுக்கு,

திட்டும் அட்டையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இரண்டில் திட்டுதான் கனம்.

நலமா? இதோ கேட்டுவிட்டேன். அண்ணி பிரிந்து போன பிறகு சமையல் யார்? காலேஜில் உன்னைத் துறைத்தலைவர் ஆக்காமல் உன் மாணவனையே ஆக்கினார்களாமே, கேள்விப்பட்டேன். அவன் உனக்கு 'குட்மார்னிங் சார்' சொல்கிறானா, நீ அவனுக்குச் சொல்கிறாயா? சும்மா கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே இருக்கிற கோபத்தோடு சேர்த்துக்கொள்.

நான் இப்போது பல் செதுக்கும் மேசையில் இல்லை. நிறம் பார்த்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளை என்று நீ நினைப்பதில் பதினாறு வெள்ளை இருக்கிறது. பக்கத்துப் பல்லோடு ஒட்டிப் போகிற வெள்ளையை நான் சொல்ல வேண்டும். கண்ணுக்கு வேலை, கைக்கு ஓய்வு. நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் மாடி ஏறிவிட்டேன். ஏறும்போது அம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. குண்டனுக்கு மூன்று உயிர். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவதற்கு நாம் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டோம். அம்மா கரண்டியோடு வந்து, "மூணாவது உயிர் ரெண்டு பேருக்கும். இடப்பக்கம் அவ பிடிக்கட்டும், வலப்பக்கம் நீ பிடி. எவன் விட்டாலும் ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது" என்றாள். நான் நடத்துவேன், நீ குதிக்க வைப்பாய். உன் காதுக்குள் "குதி, குதி, குதி" என்று நான் கத்துவேன். "சில்வண்டு, வாய மூடு" என்பாய். மூடினால் விழுந்துவிடுவாய்.

பன்னிரண்டாவது மாடியில் என்னதான் இருக்கிறது அண்ணா? நீ நிலா என்றாய். நான் கதவு என்றேன். "ஒன்னும் இருக்காது, மறுபடி முதல்லேர்ந்து ஏறச் சொல்லும்" என்றாள் அம்மா. பதினொன்றாவது மாடியில் கால் வைத்ததும் பலகை நடுங்கி விழுகிற அந்தப் பாலத்தைத் தாண்டினால்தானே தெரியும்?

சில்வண்டு

பிப்ரவரி 17

தங்கைக்கு,

மூன்றாம் மாடி முடிந்தது. அட்டை இத்துடன்.

'குட்மார்னிங்' விஷயம்: இருவரும் சொல்வதில்லை. மாடிப்படியில் அவன் வந்தால் நான் கைபேசியைப் பார்ப்பேன்.

சமையல் நானே. அதில் குறை சொல்ல வேறு யாரும் இல்லாததால் நன்றாக வருகிறது.

இந்தக் கருவியில் பின்னால் ஓட்டும் பொத்தான் ஒன்று இருப்பதைக் கண்டேன். விழுந்தால் அமுக்கலாம், மூன்று நொடி பின்னால் போய், விழாதவன் மாதிரி நிற்கலாம். இதைப் பற்றி வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது எழுதி அனுப்பிவிடாதே. நான் அதைத் தொடப் போவதில்லை. நீயும் தொடாதே. விழுந்தால் விழுந்ததுதான். அப்படித்தான் ஏறினோம்.

கையெழுத்து முன்னைவிடக் கேவலம். இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?

அண்ணன்

ஏப்ரல் 21

அண்ணா,

முறை தவறிவிட்டேன். மன்னித்துக்கொள்.

நாலாம் மாடி மட்டும் ஏறி அனுப்ப வேண்டியவள், அட்டையை இரண்டு மாதம் வைத்துக்கொண்டேன். பதினொன்று வரை நானே ஏறிவிட்டேன். பாலத்தையும் தாண்டிவிட்டேன் அண்ணா! முப்பத்தைந்து வருடம் கழித்து! குண்டன் இப்போது பன்னிரண்டாம் மாடி வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரே ஒரு உயிர் மிச்சம்.

உள்ளே நான் போகவில்லை. நீ போ.

பெரிய கடிதம் அப்புறம் எழுதுகிறேன்.

சி.

மே 4

தங்கைக்கு,

அட்டையைப் போட்டேன். சேமித்ததைத் திறக்கும்போது திரையின் மேல் மூலையில் கருவி ஒரு எண்ணைக் காட்டுகிறது. பின்னால் ஓட்டியது எத்தனை முறை என்று. உனக்குத் தெரியாது போலிருக்கிறது. எழுநூற்றுப் பன்னிரண்டு.

எழுநூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்துவிட்டு, விழவேயில்லை என்று எனக்கு ஆச்சரியக்குறி போட்டு எழுதுகிறாய். அதுவும் நான் தொடாதே என்று சொன்ன பிறகு. என் முறைகளையும் சேர்த்து விழுங்கிவிட்டு.

நீ மாறவே இல்லை. மற்றவனுக்கு உரியதை எடுத்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு தகவல் சொல்வாய். அம்மா விஷயத்தில் செய்தது அதேதான். நீ அப்போது நம் ஊரில்தான் இருந்தாய், நான் பஸ்ஸில் வந்து சேர ஏழு மணி நேரம் போதும். ஒரு நாளை எனக்குத் தெரியாமல் நீ வைத்துக்கொண்டாய். அந்த ஒரு நாளில் நான் பரீட்சைக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். யாரோ ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டான், கொடுத்தேன். அம்மா இல்லாத உலகத்தில் தாள் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

எனவே நான் செய்ததைச் சொல்கிறேன். புது ஆட்டம் ஆரம்பித்தேன். முதல் மாடியை நேர்மையாக ஏறினேன். உன்னுடையதன் மேலேயே சேமித்தேன். சேமிக்க ஒரே இடம்தானே இருக்கிறது? எப்படி இருக்கும் என்று இப்போது உனக்கும் தெரியட்டும்.

அட்டையை அனுப்பப் போவதில்லை.

மே 26

அண்ணா,

இது என் கையெழுத்து இல்ல, உன் மாப்பிள்ளை கையெழுத்து. லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு எவ்வளவு அழகா எழுத வருது பார். இனிமே நீ திட்ட முடியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுறார். ஒரு வார்த்தை மாத்தக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

(வாங்கியிருக்கிறாள். – மாப்பிள்ளை)

போன வருஷம் வலது கட்டைவிரல்ல ஆரம்பிச்சுது. மெழுகுல பல் செதுக்கிட்டிருந்தேன், கத்தி தானா நழுவுது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவுது. தசைக்குப் போற நரம்பு ஒவ்வொன்னா சாகுதாம். ஏன்னு டாக்டருக்கும் தெரியல. நிறுத்த மருந்து இல்ல, கொஞ்சம் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கு. அதனாலதான் நிறம் பாக்குற மேசை. இப்ப அதுவும் இல்ல.

மூளை 'குதி'ங்குது. விரல் 'யாரு, என்னையா?'ன்னு கேக்குது. அதுக்குள்ள பலகை விழுந்துடுது. நான் பின்னால ஓட்டினது ஏமாத்த இல்ல அண்ணா. கட்டைவிரல் போனதும் நடுவிரல்ல அமுக்கினேன். அதுவும் போனதும் கைமுட்டி. பாலத்துல பாதிய மோவாயால தாண்டினேன். இவர் கருவிய மேசையில அழுத்திப் பிடிச்சுக்கிட்டார். அந்த எழுநூத்திப் பன்னெண்டும் ஒவ்வொன்னா நான் குதிச்சது. கை முழுசா போறதுக்குள்ள உன்ன அந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும்னுதான் முறை தவறினேன். இனிமே என்னால ஒரு படிகூட ஏற முடியாது.

ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்ப. நீ பரிதாபப்பட்டு விளையாடுறத நான் பாக்க வேணாம்னு நெனச்சேன். கோவத்தோட விளையாடினாதான் நீ நல்லா விளையாடுவ.

அம்மா விஷயம். என்கிட்ட நல்ல காரணம் ஒன்னும் இல்ல. போன் காலைலேர்ந்து என் கையிலதான் இருந்துச்சு. சொன்னதும் நீ முதல்ல கேக்கப்போறது 'ஏன் நேத்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல'ன்னு. சாதாரண நெஞ்செரிச்சல்னு நெனச்சு நான்தான் படுக்கச் சொன்னேன். உன் வாயால அந்தக் கேள்விய கேக்க பயம். சாயங்காலம், சாயங்காலம்னு தள்ளினேன். தள்ளினது ஒரு நாளாயிடுச்சு. தப்புதான்.

நீ அழிச்சதுக்கு எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு நெனைக்காத. ஆனா கோவத்த வெச்சுக் காப்பாத்த எனக்கு நேரமில்ல. உனக்குத்தான் அதுல பழக்கம். என்னோடதையும் நீயே வெச்சுக்கோ.

சில்வண்டு

ஜூன் 13

சில்வண்டுக்கு,

நான் போன் செய்தது உனக்குத் தெரியும். மாப்பிள்ளை எடுத்து, "இருங்க, அவ காதுல வெக்கிறேன்" என்றார். அதன் பிறகு எனக்குப் பேச வரவில்லை. இருபத்தாறு வருடமாக வகுப்பில் பேசிப் பிழைக்கிறவன்.

உன் கையெழுத்தைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. கிழிக்க முடியாவிட்டால் மாப்பிள்ளையைக் கிழிக்கச் சொல். இந்த வாக்கியத்தை எழுதிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிகிறது. அதை அடித்துத் திருத்தவில்லை. இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாததா?

அட்டையை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை நாலுக்கு அலைந்தேன். நாலாவது கடைக்காரன் பொறுமையாகப் பார்த்தான். "சும்மா அழிச்சிருந்தா எடுத்துக் குடுத்துடலாம் சார். அது மேலேயே எழுதிட்டீங்களே. எழுதினது எழுதினதுதான்" என்றான். வீட்டில் குழந்தை தெரியாமல் செய்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். "எத்தனை வயசு சார்?" என்று கேட்டான். அட்டையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்தால் காலாவதியாகி நான்கு வருடம். எனக்குப் போக எந்த இடமும் இல்லை, என்னை அழைக்க எவரும் இல்லை என்று வீம்பாகப் புதுப்பிக்காமல் விட்டது. அலுவலகத்தில் எட்டு வாரம் என்கிறார்கள். உடம்பு சரியில்லாத தங்கை என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் வரிசையைக் காட்டினாள். "எல்லாருக்கும் யாராவது இருக்காங்க சார்" என்றாள். சண்டை போட வாய் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டேன். கெஞ்சினேன். ஆறு வாரம் என்றாள்.

துறைத்தலைவரிடமும் போனேன், என் மாணவனிடம்தான். விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். எழுந்து நின்று கையெழுத்துப் போட்டான். "இவ்ளோ நாளா என்கிட்ட பேசவே மாட்டீங்களே சார்" என்றான். நான்கு வருடம் அவனை வெறுப்பதற்கு உழைத்திருக்கிறேன். எல்லாம் வீண்.

தினமும் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் மாடி. பின்னால் ஓட்டும் பொத்தானை அமுக்கித்தான்.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

நீ போன்ல ஒன்னும் பேசலன்னு யார் சொன்னது? பத்து நிமிஷம் மூச்சு விட்ட. முழுசா கேட்டேன். மூக்கு அடச்சிருக்கு, டாக்டர்கிட்ட காட்டு.

எந்த மாடி?

இணையத்துல யாரோ ஒருத்தன் பன்னெண்டாவது மாடி வரைக்கும் ஏறி வீடியோ போட்டிருக்கானாம். பாக்குறியான்னு இவர் கேட்டார். அடுத்தவன் ஏறினத நான் ஏன் பாக்கணும்? இவருக்கு எதையாவது ரிப்பேர் பண்ணியே ஆகணும். வீட்டுல சக்கர நாற்காலிக்கு எண்ணெய் போட்டு, போட்டு, இப்ப அது நான் தும்மினாலே ஓடுது.

(உண்மை. – மாப்பிள்ளை)

சில்வண்டு

ஜூலை 15

சில்வண்டுக்கு,

நேற்று பாலத்தைத் தாண்டினேன். இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு முறை பின்னால் ஓட்டி. என் விரலுக்கு ஒரு குறையும் இல்லை. கண்தான். பலகை நடுங்குவது என் கண்ணாடி வழியாகத் தெரிவதற்குள் அது விழுந்துவிடுகிறது. பதினாறு வெள்ளையைப் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

குண்டன் வாசலில் நிற்கிறான். ஒரே ஒரு உயிர். நீ நிறுத்திய அதே இடம். ஆனால் நீ நிறுத்தியது இல்லை இது. திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது.

உள்ளே போகவில்லை. அது மூன்றாவது உயிர். அம்மாவின் சட்டப்படி எனக்கு மட்டும் உரியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுகிறேன். கருவியைக் கேமராவுக்கு முன்னால் வைக்கிறேன். நீ பார்த்துச் சொல், நான் அமுக்குகிறேன்.

அண்ணன்

ஜூலை 21

அண்ணா,

நேத்து பட்ட பாட்டுக்கு ரெண்டு பேரும் கீழ விழுந்து சிரிச்சிருக்கணும். நீ ஏன் அழுத?

நான் சரியாதான் சொன்னேன், நீயும் சரியாதான் அமுக்கின. நடுவுல போன் ஒரு நொடி திங்குது. நான் 'குதி'ன்னா, உன்கிட்ட வரும்போது குண்டன் ஏற்கெனவே பள்ளத்துல இருக்கான். முன்கூட்டியே சொல்லிப் பாத்தேன், அதுவும் சரிவரல. போன் ஒரு தடவ அரை நொடி திங்குது, ஒரு தடவ ஒன்றரை நொடி. என் விரல் மாதிரியே. எத்தன தடவ பின்னால ஓட்டின? எண்ணுறத விட்டுட்டேன்.

நிறுத்து அண்ணா. அவன வாசல்லயே விட்டு வை. என் பக்கத்துல உக்காந்தாதான் ஆகும். காது என் வாய்கிட்ட இருக்கணும், பழைய மாதிரி.

பாஸ்போர்ட் வந்துச்சா?

சில்வண்டு

ஆகஸ்ட் 1

சில்வண்டுக்கு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. இனி உங்கள் ஊர்க்காரர்கள் விசா முத்திரை குத்த வேண்டும். அதற்கு மூன்று வாரமாம். ஆறு வாரம் என்றவர்கள் மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்தைந்தாம் தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். அதற்கு முன் எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது. தட்டிப் பார்த்துவிட்டேன்.

மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் கருவியைத் திறக்கிறேன். குண்டன் வாசலில் நின்று மூச்சு விடுகிறான், தொப்பை ஏறி இறங்குகிறது. சற்று நேரம் நான் ஒன்றும் செய்யாவிட்டால் அவன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். இத்தனை வருடத்தில் நமக்கு இது தெரியவே தெரியாது. நாம் அவனை ஒருபோதும் சும்மா நிற்க விட்டதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல், பகல் விமானம். அழைக்க வர வேண்டாம்.

நிலாதான் இருக்கும்.

அண்ணன்

ஆகஸ்ட் 11

அண்ணா,

கதவுதான்.

சின்னக் கடிதம். கொஞ்ச நாளா நாக்கு கனமா இருக்கு. புதுசா பல்செட் போட்டவங்க பேசுற மாதிரி பேசுறேன். இருபது வருஷம் அவங்கள பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சேன், இப்ப அனுபவிக்கிறேன். நான் ஒன்னு சொல்றதுக்கு இவர் மூணு தடவ கேக்குறார், அப்புறம்தான் எழுதுறார். 'வாத்தியார்' போயிடுச்சு. 'அண்ணா' காலைல வருது, சாயங்காலம் வரல.

கவலப்படாத. 'குதி' சுத்தமா வருது. தினமும் எழுந்ததும் ஒரே ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன். அதுக்கு மேல சொல்றதில்ல. வெச்சிருக்கேன்.

சில்வண்டு

(இன்று காலை 'குதி'யை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுத வேண்டாம் என்றாள். – மாப்பிள்ளை)